பக்கத்துக் கட்டில்

மேட்ரன் ஐவி இரண்டு துணிப்பட்டைகளை மடித்து ஜன்னலோரம் வைத்தார். “இன்னிக்கு சாயங்காலம் கோயில் மணிக்கு சிஸ்டர் பிலார் படுக்கலைன்னா கையைக் கட்டிடலாம் ஜூடித். எனக்கும் மனசு வரலை. ஆனா இன்னொரு தடவை விழுந்தா இடுப்பு போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார்.”

மேட்ரன் கொடியவர் அல்ல. சிஸ்டர் பிலாரின் நெற்றித் தையலைப் பார்த்தவர்கள் யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். தினமும் சாயங்கால மணி அடித்ததும் அந்த வயதான கன்னியாஸ்திரீ கட்டிலிலிருந்து இறங்கித் தள்ளாடி நடப்பார், தடுத்தால் திமிறுவார்.

மகாராஜா காலத்தில் ஸ்பெயினிலிருந்து மைசூருக்கு, இதே ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்தவர் அவர். கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் நோயாளிகளைக் கொஞ்சவும் அதட்டவும் தெரிந்தவர். நாடு குடியரசாகி இரண்டு வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், தலையில் ரத்தம் கட்டிப் படுத்தார். எழுந்தபோது கைகால் மிஞ்சியது. வந்த இடத்துப் பேச்செல்லாம் போய்விட்டது. பிறந்த மொழி மட்டும்தான் இப்போது அவருக்குப் புரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நர்ஸ் ஜூடித் பங்குக் கோயிலுக்கு ஓடினாள். அங்கே ஃபாதர் ரமோன் என்ற இளம் ஸ்பானியச் சாமியார் தமிழ் படித்துக்கொண்டிருந்தார்.

“உங்க பாஷையில உக்காருங்க, படுங்கன்னு சொல்லக் கத்துக்கொடுங்க ஃபாதர்.”

“அது எளிது,” என்றார் அவர், புத்தகத் தமிழில். “‘அக்வேஸ்தெசெ’ என்றால் படுத்துக்கொள்ளுங்கள். ‘சியேன்தெசெ’ என்றால் உட்கார்ந்துகொள்ளுங்கள். கடைசியில் வரும் ‘செ’யை விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் வேறு யாரையோ படுக்கவைக்கச் சொன்னதாக ஆகும்.”

“நாங்க படுத்துக்கோங்கன்னு சொல்றோமே, அந்த ‘க்கோ’ மாதிரி.”

“ஆ! அதேதான்!” அவர் முகம் மலர்ந்தது. “குழந்தைகளிடமும் நெருங்கியவர்களிடமும் பேசும்போது ‘செ’ போய் ‘தெ’ வரும். அக்வேஸ்தாதெ. என் அம்மா அப்படித்தான் சொல்வாள். இனி, ‘எழுந்திருக்க வேண்டாம்’ என்று சொல்வதற்கு...”

“அது வேண்டாம் ஃபாதர். வேண்டாம்னு சொல்ற வார்த்தையை அவங்க நாள்பூரா எங்க முகத்திலேயே பார்க்கறாங்க.”

வரும் வழியெல்லாம் அவள் ஜெபம் சொல்வதுபோல் அந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா சித்தம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள்.

“ஏனம்மா, கப்பல் ஏறப் போறியா? என்னையும் கூட்டிட்டுப் போ. அங்க பெருக்கறதுக்கு ஆள் வேணுமில்ல?”

“முதல்ல இந்த ரூமைப் பெருக்கி முடி.”

வெயில் சாமுண்டி மலைமேல் மங்கியது. கோயில் மணி அடித்தது. சிஸ்டர் பிலார் கண் திறந்து கால்களைக் கீழே வைத்தார்.

“சியேன்தெசெ, சிஸ்டர்,” என்றாள் ஜூடித்.

கிழவியின் முகத்தில், கூட்டத்தில் சொந்தக்காரரைக் கண்டதுபோல் ஒரு வெளிச்சம். சொன்னபடி உட்கார்ந்தார். ஜூடித்தின் கன்னத்தைத் தடவினார்.

“அக்வேஸ்தெசெ.”

அதற்கு மட்டும் தலை அசைந்தது, மாட்டேன் என்று. மறுபடியும் எழுந்தார். ஜூடித் தடுக்கவில்லை, தோளைத் தாங்கிக் கூடவே நடந்தாள். கதவைத் தேடித்தான் அவர் போகிறார் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவரோ பக்கத்திலிருந்த காலிக் கட்டிலின் அருகே நின்றார். தலையணையைத் தட்டினார். கம்பளியின் ஓரத்தை விலக்கிப் பிடித்துக்கொண்டு யாருக்காகவோ காத்திருந்தார்.

அப்போது ஜூடித்துக்குப் புரிந்தது. அவள் பயிற்சிக்கு வந்த புதிதில் பெண்கள் வார்டில் தினமும் கண்ட காட்சிதான் அது. மணி அடித்ததும் சிஸ்டர் பிலார் கட்டில் கட்டிலாகப் போவார். ஒவ்வொருத்தியையும் படுக்கவைத்துப் போர்த்தி, நெற்றியில் சிலுவை வரைவார். எல்லாரும் படுத்த பிறகே தமக்குப் படுக்கை. மரியாதைக்கென்று அவரைத் தனி அறையில் வைத்துவிட்டார்கள். அங்கே படுக்கவைக்க அவருக்கு ஆளில்லை.

நர்ஸ் டியூட்டியில் நோயாளியின் கட்டிலில் உட்காரவே கூடாது. ஜூடித் ஷூவைக் கழற்றினாள். சித்தம்மா துடைப்பத்தோடு வாய் பிளந்து நிற்க, அந்தக் காலிக் கட்டிலில் ஏறினாள்.

“அக்வேஸ்தாதெ, இஹா,” என்றார் சிஸ்டர் பிலார். இஹா என்றால் மகளே என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஜூடித் படுத்துக்கொண்டாள். கட்டளை இடுவதற்காகக் கற்றதை இப்போது கீழ்ப்படிவதற்குப் பயன்படுத்தினாள். கம்பளி கழுத்துவரை வந்தது. சிஸ்டரின் கட்டைவிரல் அவள் நெற்றியில் மெல்லச் சிலுவை வரைந்தது. அவள் கண்ணை மூடினாள்.

சித்தம்மா கைகொடுக்க, மெதுவான காலடிகள் திரும்பிப் போயின. மறு கட்டில் முனகியது. சிஸ்டர் பிலார் தாமே தம்மைப் போர்த்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

கண் திறந்தபோது வாசலில் மேட்ரன் நின்றிருந்தார். ஜூடித் பதறி எழப் போனாள். மேட்ரன் கையமர்த்தினார்.

“படு. அவங்க தூங்கட்டும்.” கட்டிலடியில் கிடந்த ஷூவைப் பார்த்தார். “சரி, நாளைக்கு உனக்கு லீவு. அப்ப யார் படுத்துக்கறது?”

“நான் படுத்துக்கறேம்மா,” என்றாள் சித்தம்மா.

“உன்னை அப்புறம் யார் எழுப்பறது?”

சித்தம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மேட்ரன் சிரிக்கவில்லை. ஜன்னலோரத்துப் பட்டைகளை எடுத்துச் சுருட்டினார். தூங்கும் கிழவியின் தையல் போட்ட நெற்றியைப் பார்த்தார். பிறகு குனிந்து, தமது கட்டைவிரலால் அங்கே ஒரு சின்னச் சிலுவை வரைந்தார்.

“நாளைக்கு நானே வர்றேன்,” என்று சொல்லி, பட்டைகளோடு வெளியே போனார்.