இரண்டு சிவப்புத் தொப்பிகள்

வெளியூரில் வேலை பார்க்கும் கணவருக்கு, மகள் கோசுவே ஓடுவதைப் படமெடுத்து அனுப்புவதாகச் சினாட்சு வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்காகவே தூரத்தை நெருக்கிக் காட்டும் நீண்ட டெலி லென்ஸ் ஒன்றைத் தன் கேமராவுக்கு வாடகைக்கு எடுத்து, பள்ளி விளையாட்டு விழாவுக்கு விடியும்போதே வந்து பாய் விரித்து இடம் பிடித்தாள்.

பந்தயம் தொடங்கியது. லென்ஸுக்குள் சிவப்புத் தொப்பி ஒன்று பாய்ந்து வந்தது. எல்லைக்கோடு வரை விடாமல் எடுத்துத் தள்ளினாள். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அதில் சிரித்தது கோசுவே அல்ல, பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்த ஹிரோசேயின் மகள்.

"ஹிரோசே சான், உங்க பொண்ணையே தொரத்தியிருக்கேன். எல்லாருக்கும் ஒரே தொப்பி. எங்க வீட்டுக்காரர்கிட்ட என்ன சொல்லுவேன்?"

ஹிரோசே தன் கேமராவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கவலைய விடுங்க. நான் எடுத்தது முழுக்க உங்க பொண்ணு. மெதுவா வேற ஓடினாளா, படம் நெறைய இருக்கு."