நிருஜனின் தகப்பன் கேட்டது

பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்குத் துணையாக நிற்பது பிறேமினியின் வேலை. வகுப்புக்கு வராமல் போகிறவர்களைத் தேடிப் பிடிப்பதும் அதில் அடக்கம். அப்படித்தான் நிருஜன் அவளுடைய அறைக்கு வந்தான். சிவில் எஞ்சினியரிங், முதலாம் ஆண்டு.

ஆங்கிலத்தில்தான் தொடங்கினான். அவள் தமிழில் பேசியதும் அவனும் தமிழுக்கு மாறினான்.

"இது என்ட அண்ணை படிச்ச கோர்ஸ், அக்கா. ஆக்சிடென்ட்ல செத்திட்டார். அவர் விட்டதை நான் படிச்சு முடிக்க வேணுமெண்டு அப்பா சொல்லிட்டார். வகுப்புக்குள்ள போனா மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு."

காலையில் பையோடு வீட்டை விட்டுக் கிளம்பி, லூயிஷாம் ஸ்டேஷனில் ரயிலேறி, எங்கெல்லாமோ சுற்றிவிட்டு மாலையில் திரும்புவதாகச் சொன்னான். சாப்பிடும்போது தகப்பன் அன்றைய பாடத்தைப் பற்றிக் கேட்பார். அண்ணனின் பழைய குறிப்புகளிலிருந்து ஏதாவது சொல்லிச் சமாளிப்பான்.

பிறேமினி அவனைக் கவுன்சிலரிடம் அனுப்பினாள். படிப்பை ஒரு வருடம் நிறுத்தி வைக்கவும் வழி செய்தாள்.

"வீட்டில நீரே சொல்லும். வேணுமெண்டா நான் பக்கத்தில இருக்கிறன்."

"அடுத்த கிழமை சொல்லுறன், அக்கா."

அதற்குள் தகப்பனே சந்தேகப்பட்டு அவளுடைய அறைக்கு வந்துவிட்டார். பஸ் ஓட்டுநரின் யூனிபார்மோடு நேரே வேலையிலிருந்து வந்திருந்த நவரத்தினம், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, என்ட மகன் வகுப்புக்கு வாறானோ?"

மாணவனின் சம்மதமில்லாமல் பெற்றோரிடம் எதையும் சொல்லக் கூடாது.

"அண்ணை, அதைப் பற்றி நான் ஒண்டும் சொல்ல ஏலாது. அவரிட்டையே கேளுங்கோ."

"வந்தா, வாறான் எண்டு சொல்லியிருப்பியள்," என்று எழுந்து போனார்.

உடனே நிருஜனை அழைத்தாள். அவனுடைய போன் அணைந்திருந்தது.

அன்று வீட்டில் நடந்ததை இரண்டு நாள் கழித்து அவனே வந்து சொன்னான். தகப்பன் கேட்டார். அவன் உள்ளதைச் சொன்னான். "அவன் இருந்திருக்க வேணும், நீ போயிருக்க வேணும்," என்றார் அவர். அவன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறிவிட்டான்.

"நீங்கள் சொல்லேல்லை எண்டு தெரியும், அக்கா. சொல்ல ஏலாது எண்டதிலேயே அவர் விளங்கிக்கொண்டார்."

அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைக் கூடுதலாக வருத்தியது. விடுதியில் அவனுக்கு அவசர அறை ஒன்று எடுத்துக் கொடுத்தாள். சில வாரங்களில் அதையும் விட்டுவிட்டு, படிப்பே வேண்டாமென்று எழுதிக் கொடுத்து, ஒரு வேர்ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்தான். எவ்வளவோ பேசிப் பார்த்தாள். அவளுடைய போனை மட்டும் எடுப்பதாக ஒப்புக்கொண்டான்.

தைப்பொங்கல் கழிந்து நவரத்தினம் மறுபடியும் வந்தார். முகம் மழிக்காமல், மெலிந்து போயிருந்தார்.

"எங்க இருக்கிறான் எண்டு கேக்கேல்லை, தங்கச்சி. உயிரோட இருக்கிறானோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நிருஜனை அழைத்தாள். தகப்பன் வந்திருப்பதையும் அவர் கேட்டதையும் சொன்னாள்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

பிறேமினி வெளியே போனாள்.

"ஓம், அண்ணை."

நவரத்தினம் தலையசைத்தார்.

"நான் அவனிட்ட ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டன்," என்றார்.

அது எந்தச் சொல் என்று தனக்குத் தெரியுமென்பதை அவள் காட்டிக்கொள்ளவில்லை. வாசலில் வேறொரு மாணவி காத்து நின்றாள். அவர் எழுந்து அவளுக்கு நாற்காலியை விட்டுவிட்டுப் போனார்.