கிளியின் நெஞ்சில் ஒரு கண்ணாடிக் குழாய்

பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க அதன் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் நிமிர்ந்து நிற்கும். முழங்கை நீளம் இருக்கும். உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, குழாயிலும் அதே மட்டத்தில் நிற்கும். பாதியில் நின்றால் மட்டம் கோடு போலத் தெரியும். ஆனால் குழாய் முழுக்க நிறைந்திருந்தாலும் கோடு தெரியாது, சுத்தமாகக் காலியாக இருந்தாலும் தெரியாது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். அச்சரப்பாக்கத்தில் ஒரு புழுங்கலரிசி மில்லில் எட்டு வருஷமாக பாய்லர் பார்க்கிறேன். எனக்கு இந்தத் தெளிந்த கண்ணாடியைக் கண்டால்தான் பயம்.

அதனால்தான் அனுவின் தொடர்கதையில் நாற்பத்தொன்றாம் அத்தியாயத்தைப் படித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அனு திருவிடந்தைக்காரி. பகலில் ஒரு இறால் குஞ்சுப் பண்ணையில் தண்ணீர் சோதிக்கிற வேலை. மற்ற நேரத்தில் போனில் கதை எழுதுவாள். எல்லாம் நாம் கேட்டு வளர்ந்த பழைய கதைகள். ஆனால் மந்திரம் இருந்த இடத்தில் நீராவியும் பல்சக்கரமும் இருக்கும். சாபத்தால் தவளையான இளவரசன், அவள் கதையில் கடலில் முங்கப் போடும் பித்தளை உடைக்குள் மாட்டிக்கொண்ட மாலுமி. அரக்கனின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருக்குமே, அந்தக் கதையைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருந்தாள். இதில் கிளி இரும்பு. அதன் நெஞ்சிலிருக்கும் சின்ன கொதிகலன் ஓடினால்தான் கப்பல் தலைவன் திகழன் மூச்சு விடுவான். அவனைக் காதலிக்கும் நீலவேணி ஏழாவது தீவுக்கு வந்து சேர்கிறாள். கடலோரத் தண்ணீரில் பாதி மூழ்கி, அடுப்பு அவிந்து கிடக்கிறது கிளி. நெஞ்சைத் திறக்கிறாள். உள்ளே கண்ணாடிக் குழாய் தெளிவாக இருக்கிறது. ஒன்றுமில்லை. தண்ணீர் வற்றிக் காய்ந்த கொதிகலன் வெந்துபோயிருக்கும், இனி ஓடாது. அத்தியாயம் அங்கே முடிகிறது.

கீழே நூற்றுக்கணக்கான பேர் அழுதிருந்தார்கள். நான் எழுதினேன்: "மேடம், நிறைஞ்ச குழாயும் இப்படித்தான் தெரியும். நான் பாய்லர் ஆபரேட்டர்."

பத்து நிமிஷத்தில் அவளிடமிருந்து தனிச் செய்தி. "நேர்ல வந்து பாக்கலாமா? திங்கக்கிழம சாயந்தரம் கடைசி அத்தியாயம் அச்சுக்குப் போகணும். முன்னுரையில, இந்தக் கதையில மந்திரமே கிடையாதுன்னு சத்தியம் பண்ணிட்டேன். அவன எழுப்ப வழி தெரியலன்னா, செத்தவன் செத்தவன்தான்னு புக்கு வந்துடும்."

ஆயுத பூஜைக்காக மில்லுக்கு நான்கு நாள் விடுமுறை. விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவள் பஸ் மாறி மாறி வந்து இறங்கினாள். நானும் அப்போதுதான் பைக்கை நிறுத்தினேன். உள்ளே நுழைந்ததும் இரண்டு பேருமே நின்றுவிட்டோம். பாய்லர் முழுக்கப் புத்தம் புது பச்சை பெயின்ட்.

"இன்னா அண்ணாத்த, மாப்ள மாதிரி கீதா?" என்றான் முத்துசாமி. அடுப்புக்கு உமி தள்ளுகிறவன். பூஜைக்கு அவனே வாங்கி அவனே அடித்திருக்கிறான்.

நான் குழாயைப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. கோடு இல்லை. குழாய்க்குப் பின்னால் இருக்கும் தகட்டில் படுக்கைவாட்டில் மூன்று வெள்ளைப் பட்டை, நடுவில் சிவப்புப் பொட்டு.

"முத்து, இங்க சாய்கோடு போட்டிருந்துச்சே?"

"அந்த மஞ்ச கறுப்புக் கோடா? பாக்கவே பேஜாரா கீது. அது மேலயே பட்ட போட்டுட்டேன். விபூதி சூட்டுல உதுந்துடுதுன்னு எனாமல்லயே போட்டேன்."

"அடுப்பு?"

"நீ வர்றதுக்குள்ள சூடு ஏறட்டும்னு மூட்டிக்கினேன். கால் மணி ஆச்சு."

"இழு. நெருப்ப மொத்தமா வெளிய இழு."

"இன்னாத்துக்கு?"

"உள்ள தண்ணி கீதா இல்லியான்னு தெரியல."

"அவ்ளோதானே, மோட்டாரப் போட்டு வுட்டா ஆச்சு!" அவன் கை சுவிட்சுக்குப் போனது. நான் போட்ட சத்தத்தில் அனு இரண்டடி பின்னால் போனாள்.

அவளுக்குச் சொன்னேன். ஒரு சொம்புத் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்தறுநூறு சொம்புக்கு மேல் இடம் கேட்கும். காலியாகக் காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் அந்த இடத்தை ஒரே நொடியில் கேட்கும். பாய்லர் கொடுக்காது. கூரையோடு போய்விடும். முத்துசாமி நெருப்பை வாரி இழுத்துப் போட்டான்.

வழக்கமாகக் குழாயின் அடித் திருகைத் திறந்து பார்ப்போம், தண்ணீர் வருகிறதா என்று. திருகில் கை வைத்தேன். அதற்கும் பச்சை பெயின்ட். காய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. முறுக்கினால் கண்ணாடி உடையும். இன்னொரு பக்கத்துக் குழாய் போன வாரமே விரிசல் விட்டு அடைத்து வைத்தது.

"அதுக்கும் சேத்து அடிச்சிட்டியா?"

"ஒண்ண வுட்டு ஒண்ண அடிச்சா சாமி கோச்சுக்காதா?"

அனு சிரிக்கவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, அந்தச் சாய்கோடு எதுக்கு?"

"தண்ணி நெறஞ்ச கண்ணாடிக் குழாய் ஒரு லென்ஸ் மாதிரிம்மா. பின்னாடி இருக்கறத இடம் வலமா மாத்திக் காட்டும். வலப்பக்கம் சாஞ்ச கோடு இடப்பக்கம் சாஞ்ச மாதிரித் தெரியும். காலிக் குழாய் அப்படி மாத்தாது. உள்ளது உள்ளபடி."

"இந்தப் பட்ட?"

"படுத்த கோட்ட இடம் வலமா மாத்துனாலும் படுத்த கோடுதான்."

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு தாளைக் கிழித்தாள். கறுப்புப் பேனாவால் தடிமனாக ஐந்து சாய்கோடுகள், எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து. தாளைக் குழாய்க்குப் பின்னால் செருகி ஒட்டிப் பிடித்தாள். நாங்கள் மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

கோடுகள் கொஞ்சம் பெருத்துத் தெரிந்தன. வலப்பக்கமே சாய்ந்திருந்தன.

"காலி," என்றாள். குரல் இறங்கிவிட்டது. அவள் பாய்லரைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

"இரு. ரொம்ப ஒட்டிப் பிடிச்சிருக்க. லென்ஸ மேல வச்சா எழுத்து பெருசாத்தான் தெரியும், திரும்பித் தெரியாது. ஒரு விரல் தள்ளிப் பிடி."

தள்ளினாள். கோடுகள் முதலில் கலங்கின. பிறகு அகன்று, குழாய் முழுக்க ஒரே கறுப்பாகப் பரவின. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஐந்து கோடுகளும் மெல்ல எழுந்து வந்தன, இடப்பக்கம் சாய்ந்து.

அந்தத் தகட்டை எட்டு வருஷமாகப் பார்க்கிறேன். கோடு திரும்புகிற அந்தக் கணத்தை நான் பார்த்ததே இல்லை. அனு தாளை முன்னால் கொண்டுபோனாள், பின்னால் இழுத்தாள். கோடுகள் வலம் சாய்ந்தன, கரைந்தன, இடம் சாய்ந்தன. ஒரு சொட்டு மந்திரம் கிடையாது. வெறும் தண்ணீர்.

"முருகா," என்றான் முத்துசாமி. "மேல வரிக்கும் ரொம்பிக்கினு கீது."

"யார் ஊத்துனாங்க? நாலு நாளா மூடித்தானே இருந்துச்சு?" என்று கேட்டாள் அனு.

"யாரும் ஊத்தல. சூடு ஆறும்போது உள்ள இருக்கற ஆவி மறுபடி தண்ணியா சுருங்கும். அது இருந்த இடம் வெறுமையாயிடும். அந்த வெறுமை வெளிய இருக்கற தொட்டித் தண்ணிய இழுக்கும். நடுவுல திருப்பி வுடாத வால்வு ஒண்ணு கீது. அது வந்த தண்ணிய வெளிய போகவுடாது, உள்ள வர்றதத் தடுக்காது."

"அப்ப ஆறினப்புறம் தானாவே குடிச்சிருக்கா?"

"தானாவே."

அவள் பச்சை பெயின்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். இலேசான சூடுதான். "கிளியும் கடல் தண்ணியிலதான் கெடக்குது," என்றாள் மெதுவாக. "அடுப்பு அவிஞ்சதுமே அது குடிக்க ஆரம்பிச்சிருக்கும். அவ பாத்தது காலிக் குழாய் இல்ல."

பிறகு அவள் எங்களை மறந்துவிட்டாள். நெல் மூட்டைமேல் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் தின்னர் வைத்துத் திருகை இளக்கி, அதிகத் தண்ணீரை வெளியேற்றினேன். மட்டக் கோடு குழாயின் பாதியில் வந்து நின்றது. முத்துசாமி பட்டைக்குப் பக்கத்திலேயே புதிதாகச் சாய்கோடு போட்டான். பட்டையை அழிக்க அவனுக்கு மனசு வரவில்லை. அடுப்பை மறுபடி மூட்டினோம்.

மூன்றரை மணிக்கு அவள் நிமிர்ந்தாள். "அனுப்பறதுக்கு முன்னாடி படிக்கிறேன். தப்பா இருந்தா சொல்லுங்க."

நீலவேணி கண்ணிலிருந்த மையை விரலால் வழித்துத் தன் உள்ளங்கையில் சாய்வாக மூன்று கோடு போடுகிறாள். கையைக் குழாயோடு ஒட்டி வைக்கிறாள். ஒன்றும் மாறவில்லை. கிளியை விட்டுப் போக மனமில்லாமல், போகவேண்டுமே என்று கையை எடுக்கிறாள். ஒரு விரல் கனம் விலகும்போது கோடுகள் கலங்குகின்றன.

ஒரு மண்வெட்டி உமியை வாரிய முத்துசாமி அப்படியே நின்றுவிட்டான். "சீக்கிரம் படிம்மா."

கோடுகள் திரும்புகின்றன. அவள் நனைந்த விறகை ஊதி ஊதி மூட்டுகிறாள். அனு அவசரப்படாமல் படித்தாள். முதல் குமிழி வந்தது, இரண்டாவது வந்தது. இரும்புச் சிறகு ஒரு தரம் உதறியது. எங்கள் அடுப்பு தணிந்துகொண்டே வந்தது, நானும் ஒன்றும் சொல்லவில்லை. திகழன் மூச்சு விடுகிற வரை முத்துசாமி அந்த உமியை உள்ளே போடவே இல்லை.