நூற்றியொரு ரூபாய்த் தட்டு

சினிமாக்காரர்கள் வாயிலிருந்து "நீங்க நம்ம ஃபேமிலி" என்று வந்தால் எனக்கு இப்போதெல்லாம் பகீர் என்கிறது. குடும்பத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது அல்லவா, அதுதான். நான் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். நடிகர்கள் பேசுவதைப் படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே பதிவு செய்வது என் வேலை. மாதத்துக்கு ஒரு சினிமா யூனிட் வந்து இறங்கும் எங்கள் புதுச்சேரியில் ஒன்பது வருடமாக இதைச் செய்கிறேன்.

பூஜையன்று டைரக்டர் தாம்பூலத் தட்டை நீட்டுவார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே நூற்றியொரு ரூபாய். அதை வாங்கிவிட்டால் படத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சம்பளத்தைப் பற்றி முன்னால் பேசினால் அபசகுனம், பின்னால் பேசினால் அநாகரிகம். இப்படியே மூன்று முழுப் படங்களைச் சம்பளமில்லாமல் முடித்துக் கொடுத்தேன். வயிற்றுப்பாடு கல்யாண வீடியோக்களில் ஓடியது. மூன்றில் ஒன்று வெளிநாட்டு விழாவில் பரிசுகூட வாங்கியது. டைரக்டர் போனில் அழுதார், நானும் அழுதேன். அவர் கோட்டு போட்டு மேடை ஏறினார். எனக்கு அறுந்த மைக் கேபிள் மிச்சம்.

நான்காவதாக வந்தவர் ஹரிகிருஷ்ணன். சென்னைக்காரர், முதல் படம். கதையைப் படித்ததும் எனக்கு அதை விட மனசில்லை. மீன்காரப் பெண்ணின் கதை. என் அம்மா அஞ்சலாட்சி வைத்திக்குப்பத்தில் கூடை சுமந்து மீன் விற்றவள். என் முதல் மைக்கை வாங்கியதே அந்தக் காசில்தான். ஏலக் குரல், ஐஸ் உடைக்கும் சத்தம், ஈரக் கூடையை இறக்கும்போது அடியில் எழும் அந்தச் சின்ன முனகல் எல்லாம் எனக்குத் தூக்கத்திலும் கேட்பவை. இந்தப் படத்தை வேறொருவர் பதிவு செய்வதை நினைத்தாலே வயிறு எரிந்தது. சம்பளம் எவ்வளவு என்று இரண்டு முறை கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம், நீங்க நம்ம ஃபேமிலி" என்றார். வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டேன்.

பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் சரிதா வந்தாள். மேக்கப் போடுகிறவள், என் வயதுக்காரி, இரண்டு பிள்ளைகளைத் தனியாளாக வளர்ப்பவள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கத்தினாள்.

"ஏண்டி குழலி, நீ இன்னா பெரிய தர்மப் பிரபுவா?"

"இன்னாடி ஆச்சு?"

"அந்த டைரக்டர்கிட்ட சம்பளம் கேட்டேன். கார்குழலியே சும்மாதான் செய்யறாங்க, மேக்கப்புக்கு என்னங்க சம்பளம்ங்கிறாரு. போன படத்துலயும் ஒம் பேரச் சொல்லித்தான் என்னய அடக்குனாங்க. கேமராவுக்குக் காசு, ஜெனரேட்டருக்குக் காசு, பிரியாணிக்குக் காசு, நமக்கு மட்டும் வெத்தல பாக்கா? நீ சும்மா செஞ்சு செஞ்சு இந்த ஊரு ரேட்டயே ஜீரோ ஆக்கிட்டடி."

"அப்ப நீ முடியாதுன்னு சொல்லு."

"நா ஒருத்தி சொன்னா வேற ஆளப் போட்டுட்டுப் போவான். ஹீரோயின் கண்ணுல பட்டா அடுத்த படத்துலயாவது காசு வரும்னு நாயா ஓடி வரேன். ஒனக்கு இன்னா, புள்ளயா குட்டியா?"

அவள் போன பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. முதலில் அவள் மேல் வந்தது, பிறகு ஹரிகிருஷ்ணன் மேல், கடைசியில் என் மேலேயே வந்து நின்றது. தாராள மனசு என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டது இன்னொருத்தியின் வயிற்றில் அடித்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஊருக்குள் சாரம் பகுதியில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் பூஜை. நல்ல நேரம் பத்தேகாலோடு முடிகிறது, அதற்குள் முதல் ஷாட்டை எடுத்தாக வேண்டும். ஒவ்வொருவராகத் தட்டு வாங்கினார்கள். சரிதாவும் வாங்கினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்து நான். ஹரிகிருஷ்ணன் வாய் நிறையச் சிரிப்போடு தட்டை நீட்டினார். நான் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

"சம்பளத்தச் சொல்லுங்க சார். அப்பறம் வாங்கிக்கிறேன்."

மணியடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"பூஜைல வந்தா இதப் பேசுவீங்க?" என்றார் ஹரிகிருஷ்ணன்.

"பூஜைக்கு முன்னாடி ரெண்டு தடவ கேட்டேன் சார்."

"சரி, டப்பிங்ல பாத்துக்கறேன்."

"நூறு பேரு கத்துற மீன் ஏலத்த ஏசி ரூமுல எப்படிப் புடிப்பீங்க?"

"சென்னைலேர்ந்து வேற ஆள வரவழைக்கறேன்."

"வரவழைங்க. அவரும் காசு கேப்பாரு."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ஹரிகிருஷ்ணனுக்கு முகம் சிவந்தது. "அப்ப நீங்க கிளம்பலாம்" என்றார்.

மைக்குகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன். என் அம்மாவின் சத்தமெல்லாம் இருந்த படம், கண்ணெதிரே கைநழுவிப் போய்விட்டது. ஆனாலும் சொல்கிறேன், மூன்று படங்களில் ஒரு நாள்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. பெட்டியை மூடும்போது பக்கத்தில் ஏதோ நகரும் சத்தம் கேட்டது. சரிதா தன் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, பிரஷ்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கின தாம்பூலத்தத் திருப்பித் தரக்கூடாதும்மா!" என்று பதறினார் ஹரிகிருஷ்ணன்.

"தெரியும் சார். அந்தப் பாவம் எனக்கே வரட்டும்" என்றாள் அவள்.

பாதி மேக்கப்போடு உட்கார்ந்திருந்த கதாநாயகி, "சார், என் மூஞ்சி?" என்றாள்.

ஹரிகிருஷ்ணன் அவள் முகத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து ஐந்து. பெட்டியும் கையுமாக வாசல்வரை போய்விட்ட எங்களைப் பார்த்தார்.

"உங்க ரேட் என்ன?"

இத்தனை வருடத்தில் எந்த டைரக்டரும் என்னிடம் கேட்காத கேள்வி. "ஒரு நாளைக்கு எட்டாயிரம். மைக் வாடகை தனி" என்றேன். குரல் கொஞ்சமும் தடுக்கவில்லை.

"உங்களுக்கு?"

"எனக்கும் எட்டாயிரம்" என்றாள் சரிதா, பிறந்ததிலிருந்து அதையே வாங்கிவருகிறவள் மாதிரி.

"சரி" என்றார் ஹரிகிருஷ்ணன். அவ்வளவுதான். பேரம் இல்லை, யோசனை இல்லை. ஸ்கிரிப்ட்டின் பின்பக்கத்தில் இரண்டு பேருக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் காசு முதலிலிருந்தே இருந்திருக்கிறது. பழைய படங்களிலும் இருந்திருக்கும். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, நானும் விடாப்பிடியாகக் கேட்கவில்லை.

பத்தேகாலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது முதல் ஷாட். கதாநாயகியின் நெற்றியைக் கடைசியாக ஒருமுறை ஒற்றிவிட்டு சரிதா என் பக்கத்தில் வந்து நின்றாள். காதுக்கருகே குனிந்து, "டக்குனு ஒத்துக்கிட்டானே, கம்மியா கேட்டுட்டமாடி?" என்றாள்.