ரேடியேட்டருக்கு ஊற்றிய நல்ல தண்ணி

அர்ச்சுனன் சந்தேகப்படாத ஆள் மரக்காணத்தில் கிடையாது. பால்காரி ஊற்றிய பாலை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொம்பை உள்ளே எடுப்பான். அப்பேர்ப்பட்டவன் தன் வாடகைக் காரின் ரேடியேட்டரைக் கழற்றிப் பாண்டிச்சேரி சவரிமுத்துவின் பட்டறையில் விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. எல்லாம் தலையெழுத்து.

உப்பள முதலாளி தட்சணாமூர்த்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தபா வழியில கொதிச்சு நின்னுதுன்னா, கோட்டக்குப்பத்து வண்டியை வச்சுக்கறேன், அர்ச்சுனா."

அவரைத் தினமும் பாண்டிக்கு ஏற்றிப்போகும் சவாரியில்தான் அர்ச்சுனன் வீட்டு அடுப்பு எரிந்தது. அது போனால் காரில் கோழி அடைக்க வேண்டியதுதான்.

"மூணு வரிசைக் குழா பத்தாது. நாலு வரிசை வச்சு, தொட்டியையும் அகலமாக்கித் தர்றேன்" என்றான் சவரிமுத்து.

அவன் அந்தப் பக்கம் திரும்பியதும், அர்ச்சுனன் பித்தளைத் தொட்டியின் அடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்தான். பித்தளையைப் பார்த்தால் எவனுக்கும் கை அரிக்கும் என்பது அவன் கட்சி.

வேலை முடிந்து வாங்கியபோது கீறல் அப்படியே இருந்தது. அதோடு விட்டானா? சவரிமுத்து குறியைப் பார்த்துவிட்டு வேறு தொட்டியில் அதேபோல் கீறியிருப்பானோ என்று வழியெல்லாம் மனசு குடைந்தது.

வழியில் எவன் கொடுத்த தண்ணீரையும் அர்ச்சுனன் எப்போதும் காருக்கு ஊற்றியதில்லை. உப்பளத்து ஓரக் கிணற்றில் தன் கையாலேயே இறைத்து, ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகே டின்னில் நிரப்புவான். உப்புப் பாத்திகளுக்கு நடுவே அந்த ஒரு கிணற்றைத்தான் அளத்து ஆட்கள் எல்லோரும் நல்ல தண்ணி என்பார்கள்.

இரண்டாம் மாதமே கூனிமேடு தாண்டியதும் கார் கொதித்தது. தட்சணாமூர்த்தி இறங்கி, பஸ் ஏறிப் போய்விட்டார். அர்ச்சுனன் நின்று நின்று தண்ணீர் ஊற்றிக் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

"ஏம்பா, பழைய சரக்குக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிச்சு என் தலையில கட்டிட்ட. தொட்டியையும் மாத்திட்ட."

சவரிமுத்து கோபப்படவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது. அவன் ரேடியேட்டரைக் கழற்றித் தொட்டியைத் திறந்தான். ஈயப்பற்று வைத்த இடமெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. குழாய் வாய்களில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"என்ன தண்ணி ஊத்துற?"

"நல்ல தண்ணிதான். தெனம் குடிச்சுப் பார்த்துதான் ஊத்தறேன்."

சவரிமுத்து டின்னிலிருந்து ஒரு வாய் குடித்தான். உடனே துப்பினான். பிறகு பட்டறைக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து நீட்டினான்.

அர்ச்சுனன் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "சப்புன்னு இருக்குது. இதுல என்ன கலந்த?"

"ஒண்ணும் கலக்கல. இதான்பா தண்ணி. உன் டின்னுல இருக்கறது உப்பு. முன்னாடி இருந்த மூணு வரிசைக் குழாவையும் இதுதான் தின்னுருக்கும்."

அர்ச்சுனன் இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தான். எத்தனை தரம் குடித்தாலும் அவனுக்கு டின் தண்ணீர்தான் இனித்தது. பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீர். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவன், தன் நாக்கை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

எழுந்து டின்னைக் கவிழ்த்தான். குழாயில் பிடித்து நிரப்பினான். பழக்கத்தில் வாய்க்குக் கொண்டுபோனவன், பாதியில் நிறுத்திச் சவரிமுத்துவிடம் நீட்டினான்.

"நீயே குடிச்சுப் பார்த்துச் சொல்லுண்ணே."