முழங்கால் நோவும் இரட்டைச் சைக்கிளும்

நடுவில் மடிந்து திரும்புகிற நீளமான சிவப்புப் பஸ்ஸை, தெருவெல்லாம் பனிக்கட்டியாகக் கிடக்கிற ஜனவரிக் காலையிலும், ஒஸ்லோவின் ஒடுங்கிய சந்திகளுக்குள்ளால் ஒரு கீறல் விழாமல் ஓட்டிக்கொண்டு போவாள் மரியரஞ்சனி. புதிதாகச் சேருகிற சாரதிகளைப் பழக்கிவிடுகிற வேலையும் அவளுடையதுதான். அப்படிப்பட்டவளுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது என்பது உலகத்தில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஒன்பது வயதில் ஊரை விட்டு அவள் வந்து இறங்கியது நோர்வேயின் வட கோடியிலுள்ள ஹம்மர்பெஸ்டில். வருடத்தில் பாதி நாள் பனி. மிச்ச நாள் ஆளைத் தள்ளுகிற காற்று. மீன் தொழிற்சாலையில் வேலை செய்த தகப்பனுக்குப் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் யோசனையே வரவில்லை. வளர்ந்து ஒஸ்லோவுக்கு வந்து கலியாணம் கட்டிய முதல் கோடையில், புருசன் அருட்செல்வம் ஆசையாகக் கூப்பிட்டான். "வாருமன், சைக்கிளிலை ஏரியைச் சுத்தி வருவம்."

பெண்கள் எல்லாரும் சைக்கிளில் பறக்கிற யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் அவன். அவனிடம் போய்த் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னாள். "எனக்கு முழங்கால் நோ."

அன்று பிடித்த நோ இருபது வருடம் தாண்டியும் மாறவில்லை.

இந்த வருடக் கோடை விடுமுறைக்கு எங்கே போவதென்ற கதை ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கிற அவர்கள் வீட்டில் எழுந்தபோது, மூத்தவள் நிலூஜா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "ஒவ்வொரு வருசமும் லண்டன், கனடா. அங்கை போனா கலியாண வீடு, சாமத்திய வீடு. சீலை கட்டிக்கொண்டு மண்டபத்திலை இருக்கிறதுக்குப் பேர் விடுமுறை இல்லை அம்மா. லித்துவேனியாவுக்குப் போவம்."

"அங்கை ஆர் இருக்கினம்?" என்று கேட்டான் அருட்செல்வம்.

"ஒருத்தரும் இல்லை. அதுக்காகத்தான் போறம்."

கைபேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். கடலுக்கு நடுவில் நூல் மாதிரி நீண்டு கிடந்தது ஒரு மணல்திட்டு. ஒரு பக்கம் பால்டிக் கடல், மற்றப் பக்கம் களப்பு என்கிற கடலேரி, நடுவில் மணல்மலைகளும் பைன் காடும். மரியரஞ்சனிக்குப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. அப்போது பார்த்துத்தான் பதின்மூன்று வயது இளையவள் எமிலி இடையில் விழுந்தாள். "முழுக்கச் சைக்கிள் பாதை அம்மா! நாங்கள் நாலு பேரும் ஓடலாம்!"

"நோர்வேக்காரன் சைக்கிளுக்குச் 'சிக்கல்' எண்டு பேர் வைச்சது சும்மா இல்லை" என்று வழமையான பகிடியை விட்டான் அருட்செல்வம். "அம்மாவுக்கு முழங்கால் எல்லோ?"

"அது அப்ப பாப்பம்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள் மரியரஞ்சனி.

பறந்து, பஸ் பிடித்து, படகில் ஏறிக் கடந்து, அந்த மணல்திட்டின் நிடா என்ற ஊரில் போய் இறங்கினார்கள். கபில நிறச் சுவரும் நீலக் கரை வைத்த யன்னல்களுமாக மரவீடுகள். முதல் நாள் கடலிலேயே போனது. மாவு மாதிரி மணல். எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் ஏறாத தண்ணீர். அருட்செல்வம் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "என்ன இது, உப்புப் போட மறந்திட்டாங்களோ?" என்றான். மரியரஞ்சனி கடலில் மல்லாந்து மிதந்தபடி வானத்தைப் பார்த்தாள். யாரும் மணியடித்து அடுத்த தரிப்பில் இறங்கக் கேட்காத ஒரு முழுநாள்!

அடுத்த நாள் காலை சைக்கிள் கடை.

கடைக்காரி ரூத்தா சிவந்த கன்னமும் உரத்த சிரிப்புமான மனுசி. நாலு சைக்கிள்களை வரிசையாக நிறுத்தினாள். மற்ற மூன்று பேரும் ஏறி ஒரு வட்டம் அடித்து வந்துவிட்டார்கள். மரியரஞ்சனி மட்டும் தன்னுடையதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இருக்கை உயரம்" என்றாள் ஆங்கிலத்தில். ரூத்தா பதித்துக் கொடுத்தாள்.

"பிரேக் சரியில்லைப் போலை." ரூத்தா வேறொன்றைக் கொண்டுவந்தாள்.

"இது... நிறம் ஒரு மாதிரிக் கிடக்கு."

எமிலி சைக்கிளை நிறுத்திவிட்டுத் தாயை உற்றுப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதோ?"

இல்லை என்று சொல்ல மரியரஞ்சனி வாயைத் திறந்தாள். ஆனால் முகம் அதற்கு முந்திக்கொண்டது. காது வரைக்கும் சூடேறியது.

"ஓம். தெரியாது. இப்ப என்ன?"

அருட்செல்வம் சைக்கிளோடு சாய்ந்து போய் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். கண்ணால் தண்ணீர் வந்தது. "இருபது வருசம்! முழங்கால் நோ, முழங்கால் நோ எண்டு... இவவுக்கு எத்தினை போத்தல் எண்ணெய் தேய்ச்சு விட்டிருப்பன்!"

"நான் கேட்டனானோ? நீங்களாத்தானே தேய்ச்சனீங்கள்!"

"வேண்டாம் எண்டு ஒரு நாளாவது சொன்னனீரோ?"

உண்மையில் அந்த எண்ணெய் நல்ல சுகமாகத்தான் இருந்தது. நிலூஜாவும் எமிலியும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரிக்க, தமிழே தெரியாத ரூத்தாவும் சேர்ந்து சிரித்தாள். கோபத்தில் நாலு அடி நடந்து போன மரியரஞ்சனி, அவர்கள் சிரிக்கிற சிரிப்பைக் கேட்டு, திரும்பி வரும்போது தானும் சிரித்துவிட்டாள்.

ரூத்தா உள்ளே போய் இரண்டு பேர் மிதிக்கிற நீளச் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முன்னுக்கு அருட்செல்வம், பின்னுக்கு மரியரஞ்சனி. பக்கத்து ஊரான பிரெய்லா வரைக்கும் போவதென்று முடிவாகிப் புறப்பட்டார்கள்.

பின்னால் இருந்து பயணம் செய்து பழக்கமில்லாதவள் அவள். திருப்புகிற பிடி கையில் இல்லாமல், எதிரே புருசனின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய கொடுமையாக இருந்தது.

"வளைவு வருது, மெதுவாப் போங்கோ... இப்ப பிடியுங்கோ பிரேக்கை... வலப்பக்கம் ஒரு நாய்!"

"எனக்கும் கண் கிடக்கு மரியா."

"கிடந்தா ஏன் வேரிலை ஏத்துறீங்கள்?"

ஒரு ஏற்றத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது. சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்தான். "நீர் மிதிக்கிறீரோ?"

"மிதிக்கிறன்" என்றாள், இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு.

அவன் திரும்பிப் பார்த்ததில் முன்சக்கரம் பாதையை விட்டு இறங்கியது. இருவரும் சைக்கிளோடு போய் மெத்தென்ற பாசிக்குள் விழுந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அவனுடைய தலைமுடிக்குள் பைன் ஊசியிலைகள் குத்தி நின்றன. அவற்றை அவள் ஒவ்வொன்றாக எடுத்துவிடும்போது, "முதலே சொல்லியிருக்கலாமே மரியா" என்றான் அவன், இந்தத் தரம் சிரிக்காமல். "நான் பழக்கியிருப்பனே."

"வெட்கமாக் கிடந்துது."

"என்னட்டையோ?"

"உங்களிட்டைத்தான். அப்ப உங்களை எனக்கு வடிவாத் தெரியாதே."

பிரெய்லாவில் களப்புக் கரையோரம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருந்தது. புகையில் வாட்டிய மீனைக் கடுதாசியில் சுற்றிக் கொடுத்தார்கள். கையால் பிய்த்துத் தின்றார்கள். "கொஞ்சம் தேசிக்காயும் பச்சைமிளகாயும் இருந்தா..." என்று அருட்செல்வம் தொடங்க, நிலூஜா தன் பைக்குள் இருந்து மிளகாய்த்தூள் சரை ஒன்றை எடுத்து முன்னால் வைத்தாள். ஒருத்தரும் இல்லாத ஊரைத் தேடி வந்தவளுக்கும் உறைப்பு இல்லாமல் இறங்காது.

சாப்பிட்டு முடிந்ததும் மரியரஞ்சனி கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். கரையோரம் வாகனம் நிறுத்துகிற இடம் வெறுமையாகக் கிடந்தது.

"எமிலி, உன்ரை சைக்கிளைத் தா."

தாய் ஏறியதும் எமிலி இருக்கையைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள். முதல் இரண்டு தரமும் மரியரஞ்சனியின் கால் நிலத்தைத் தேடி இறங்கிவிட்டது. மூன்றாம் தரம் பக்கத்துப் புற்றரையில் சாய்ந்தாள்.

"அம்மா, சில்லைப் பாக்காதேங்கோ. நீங்கள் பஸ் பழக்கிற ஆக்களுக்கு என்ன சொல்லுறனீங்கள்?"

"தூரத்தைப் பார் எண்டு."

"அப்ப பாருங்கோவன்!"

மரியரஞ்சனி தூரத்தைப் பார்த்தாள். களப்பு வெயிலில் மினுங்கியது. அதற்கப்பால் ஒரு வெள்ளைப் பாய்மரம். மிதித்தாள். சைக்கிள் ஆடி, நிமிர்ந்து, பிறகு ஆடாமல் போனது. காற்று முகத்தில் அடித்தது. பின்னால் எமிலியின் குரல் தூரத்தில் கேட்டது. "அம்மா, நான் விட்டு எவ்வளவு நேரம்!"

அந்தச் சந்தோசத்தில் ஒரு விசயம் பிசகிவிட்டது. எப்படி நிறுத்துவது என்று எமிலி இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நிலம் சரிந்து கரைக்கு இறங்கியது. பஸ்ஸில் பிரேக் இருக்கிற இடத்தைத் தேடி அவளுடைய வலது கால் வெறும் காற்றை உதைத்தது. கையில் அகப்பட்டது மணி மட்டும். அதை அடித்துக்கொண்டே இறங்கினாள். பாதையில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்த உல்லாசப் பயணிகள் இரண்டு பக்கமும் சிதறினார்கள். ஒரு வாத்துக் கூட்டம் கத்திக்கொண்டு எழும்பியது. நாணல்களுக்கு நடுவே சின்ன மணற்கரை. அதையும் தாண்டி, சைக்கிள் நேரே களப்புக்குள் போய், முழங்காலளவு தண்ணீரில் நின்றது. அவள் ஒரு கணம் அதன்மேல் நிமிர்ந்து இருந்தாள். பிறகு மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீருக்குள் இருந்துவிட்டாள்.

கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அருட்செல்வம் சப்பாத்தையும் கழற்றாமல் தண்ணீருக்குள் பாய்ந்து வந்தான். "மரியா! எங்கையாவது அடிபட்டதோ? முழங்கால்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே விளங்கியது. அவனும் பக்கத்தில் இருந்துவிட, இரண்டு பேரும் தண்ணீருக்குள் எழும்ப முடியாமல் சிரித்தார்கள். நிலூஜா கரையில் நின்று படமெடுத்தாள். அதை லண்டன், கனடாவுக்கெல்லாம் அனுப்பப் போகிறாள் என்று தாய்க்குத் தெரியும். அனுப்பட்டும்.

உடுப்புக் காய்ந்ததும் நிடாவுக்குத் திரும்பினார்கள். இரட்டைச் சைக்கிளை மகள்மார் இருவரும், நிலூஜாவினதை அருட்செல்வமும் எடுத்துக்கொள்ள, பிரேக் பிடிக்கப் பழகிக்கொண்ட மரியரஞ்சனி எமிலியின் சைக்கிளில் முன்னுக்குப் போனாள். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளினாள். சமதரையில் அவள் ஓடிய வேகத்தில், பின்னால் ஊன்றுகோலோடு நடந்து வந்த வயதான சோடி ஒன்று வணக்கம் சொல்லிவிட்டு அவளைக் கடந்து போனது. பாதையின் சரிநடுவே போனாள். ஓரத்துக்குப் போக இன்னும் துணிவு வரவில்லை.

பின்னால் யாரோ மணியடித்தார்கள். மறுபடியும் அடித்தார்கள். திரும்பிப் பார்த்த அருட்செல்வத்துக்கு வால் மாதிரி ஒரு சைக்கிள் வரிசை தெரிந்தது.

"இஞ்சாரும், பின்னாலை சனம் நிக்குது. கொஞ்சம் விலத்தி விடுமன்."

மரியரஞ்சனி திரும்பவில்லை. கண் தூரத்திலேயே இருந்தது.

"விடுமுறைக்கு வந்தவைக்கு என்ன அவசரம்?" என்றாள். "பொறுத்து வரட்டும்."