கெங்கம்மா துப்பிய சுவர்

அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் கெங்கம்மா அதன் மேல்தான் வெற்றிலைச் சாற்றைத் துப்புவாள். வெற்றிலை இல்லாத நாளில் வெறும் எச்சில். அவள் அம்மா துப்பினாள், சித்திகள் துப்பினார்கள், இவளும் பழகிக்கொண்டாள். யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் பட்டணத்தில் வேறு இடமே இல்லாததுபோல், அடையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இவர்கள் குப்பத்தை ஒட்டிக் குண்டுக் கிடங்கு கட்டினான். வெடித்தால் சாகப்போவது மீன்காரன்தானே என்கிற நினைப்பு. அந்த நினைப்பின் மேல் துப்பித் துப்பிச் சுவரின் கீழ்ப்பாதி காவி அடித்ததுபோல் ஆகிவிட்டது.

அதற்கும் முடிவுகாலம் வந்திருந்தது. கிடங்கை இடித்துவிட்டு அங்கே வலை பின்னும் கூடம் கட்டித் தருகிறோம், ஊர் சம்மதித்தால் போதும் என்றார்கள் அதிகாரிகள். அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டம். கெங்கம்மா ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வாங்கிய கூடம் அது. அவள் புருஷன் ரங்கன் கொதிக்கிற மணலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிச் சரிசெய்கிறவன். போன கத்திரி வெயிலில் வலை மேலேயே மயங்கி விழுந்தான். இன்னொரு கோடையை அவன் தாங்க மாட்டான் என்று கெங்கம்மாவுக்குப் பயம். யாரிடமும் சொல்லாத பயம். மற்றபடி அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை.

மயிலாப்பூரில் மீனை விற்று முடித்துக் காலிக் கூடையோடு வந்தவள், கிடங்குக்குள் ஒரு பெண் டேப்பை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, இடிக்க அளவெடுக்க வந்துகீறியா?" என்றாள் ஆசையாக.

"இடிக்கவா? நான் பாக்க வந்தேங்க்கா."

பெயர் கீர்த்தி. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். வாரத்தில் ஒருநாள் கடையிலிருந்து தப்பித்து, யுத்த காலத்துக் கட்டடங்களைத் தேடித் திரிவது அவளுக்குப் பைத்தியம்.

"எச்சி துப்புற செவுரும்மா இது. சாயாத, பொடவைல ஒட்டிக்கும்."

கீர்த்தி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாசலில் நின்று சுவரின் கனத்தை இரண்டு கையையும் விரித்து அளந்து பார்த்தாள். எட்டவில்லை. பக்கச் சுவரில் இருந்த ஒரு மாடத்தைக் காட்டினாள். "விளக்கை உள்ள கொண்டுவந்தா வெடிமருந்துல தீப்பிடிச்சிரும்னு, விளக்கை வெளிய வச்சு, கண்ணாடி வழியா வெளிச்சத்தை மட்டும் உள்ள விட்டிருக்காங்க. என்ன மூளை பாருங்க்கா."

கெங்கம்மா அந்த மாடத்தில்தான் சுண்ணாம்பு டப்பா வைப்பாள். வெளிச்சத்துக்கான இடம் என்று இப்போதுதான் தெரிகிறது. நல்ல வேலைதான் என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டாள்.

"கடல் பக்கத்துச் சுவரும் இதே கனமாக்கா?"

"அதா? அப்பளம் மாரி. சுனாமில மொத அடிக்கே பூட்ச்சி."

கீர்த்தி சட்டென்று நிமிர்ந்தாள். கடல் பக்கம் ஓடி மணலைக் காலால் தள்ளினாள். அடியில் ஒல்லியாக ஒரு செங்கல் வரிசை, அவ்வளவுதான். திரும்பி வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"அக்கா, இந்தக் கனத்த சுவருக்குப் பின்னால அந்தக் காலத்துல என்ன இருந்துச்சு? பட்டாளமா?"

"பட்டாளம் ஆத்தோரம் இருந்துச்சாம். இங்க எங்க குடிசைங்கதான். வேற இன்னா?"

சொல்லிவிட்டுக் கெங்கம்மாவே சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மருந்து என்னிக்காவது வெடிக்கும்னு கட்டுறவனுக்குத் தெரியும்க்கா. வெடிச்சா எந்தப் பக்கம் போகணும்னு அவன்தான் முடிவு பண்ணணும். அந்தப் பக்கத்தை வேணும்னே லேசாக் கட்டுவாங்க. இவன் கடல் பக்கம் விட்டுருக்கான். பட்டாளத்துப் பக்கம் சாதாரணச் சுவர். உங்க பக்கம்தான் மலை மாதிரி."

கெங்கம்மா கூடையை இறக்கிவைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சுனாமி வந்த காலையில் இந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த வீட்டு வரிசை மட்டும்தான் நின்றது. இரண்டு பக்கமும் வீடும் இல்லை, ஆளும் இல்லை. அலை அப்பளச் சுவரை உடைத்து உள்ளே புகுந்து, இந்தச் சுவரில் மோதி நின்றது. அம்மன் காப்பாற்றினாள் என்று வருஷா வருஷம் கூழ் ஊற்றினாள். மறுநாளே இங்கே வந்து துப்பினாள்.

"யாரும்மா அவன்?"

"தெரியலக்கா. வெள்ளைக்கார இன்ஜினீயரா இருக்கலாம், நம்ம மேஸ்திரியாவும் இருக்கலாம். பேரை எங்கயும் காணோம்."

"இத்த இன்னிக்குத்தான் வந்து சொல்வியா நீ? சாய்ந்தரம் கூட்டம் கீது." கோபம்தான். ஆனால் குரல் உடைந்திருந்தது.

கூட்டத்தில் கெங்கம்மா எழுந்ததும், கூடத்துக்காகக் கத்தப்போகிறாள் என்று எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"செவுத்த இடிக்க வோணாம்."

ரங்கனுக்கே தூக்கிவாரிப் போட்டது. "கூடம் வோணான்றியா?"

"வோணும். அந்தச் செவுத்துமேலயே கூரைய எறக்கு. மதியத்துக்கு மேல வெயிலு அந்தாண்ட நின்னுக்கும். கடல் பக்கம் தொறந்தே கெடக்கட்டும், காத்து வரும்." சுவர் யாருக்காகக் கனத்தது என்பதையும் சொன்னாள். கூட்டத்தில் வயசான பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் துப்பியவர்கள்தான்.

"ஆபீசர் ஒத்துக்கலன்னா? உள்ளதும் பூடும்" என்றார் ஊர்த் தலைவர்.

கெங்கம்மா ரங்கனைப் பார்த்தாள். "ஒத்துக்கற வரிக்கும் அவன் வாசல்ல மீன் கூடையோட குந்திக்கினு இருப்பேன்." அதை யாரும் சந்தேகப்படவில்லை.

மறுநாள் மத்தியானம் ரங்கன் சுவரின் நிழலில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்து வலையைப் பின்னிக்கொண்டிருந்தான். கெங்கம்மா கன்னம் உப்ப வெற்றிலையோடு வந்தாள். பழக்கதோஷத்தில் சுவரருகே கால் நின்றது, தலையும் திரும்பியது.

"மீனு பூட்ச்சா?" என்று கேட்டான் ரங்கன்.

அவள் கையால் சைகை காட்டிவிட்டு நடந்தாள். எதிரே வந்தவர்கள் கூட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களுக்கும் சைகைதான். தெருமுனைச் சாக்கடை வரும்வரை கெங்கம்மா வாயைத் திறக்கவில்லை.